கடற்காற்று யாருக்கு?

கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்திலிருந்து கடல் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் அவ்வட்டாரத்து மக்கள் அலையைக் காண வேண்டுமானால் பஸ் ஏறிக் காலிமுகத்திடலுக்குப் போகவேண்டும். இடையே துறைமுகத்தின் மதில் நிற்கிறது. ஞாயிறு மாலைகளில் துவைத்த உடையணிந்து, குழந்தைகளைக் கையிற் பிடித்து, இறால் வடை தின்று, காற்று வாங்கித் திரும்பும் அக்குடும்பங்களைப் பார்க்கும்போது ஒரு கேள்வி நம்முள் எழுகிறது: அழகாக வாழ ஆசைப்படுவது குற்றமா?

நம்மிற் சிலர் குற்றம் என்றே கருதுகிறோம். நல்ல சட்டை, நல்ல சங்கீதம், ஒரு பிரயாணம், கடற்கரையில் ஒரு மாலை ஆகியவற்றைச் சுகபோகம் என்று ஒதுக்கிவிட்டால் மனம் சுத்தமாகிவிடும் என்று நம்புகிறோம். இது தவறான எண்ணம். பகலெல்லாம் மூட்டை சுமந்த நாட்டாமைத் தொழிலாளி மாலையில் குளித்துத் தலைவாரி வெள்ளைச் சாரம் உடுத்துகிறானே, அதுவும் ரசனைதான். தன் உடம்பு சுமை தூக்குவதற்கு மட்டுமே படைக்கப்பட்டதன்று என்பதை அவன் உலகுக்கு அறிவிக்கும் முறை அது. அழகை நாடுவதில் குற்றமில்லை. அந்த அழகை ஆக்கிய கைகளை மறைப்பதிலேதான் குற்றம் தொடங்குகிறது.

காலிமுகத்திடலின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில் அதன் நடைபாதை அமைக்கப்பட்டு 1859-ல் நிறைவுற்றது. கொழும்பின் மாதர், சிறுவர் நலன் கருதி இதைப் பேணுமாறு, தமக்குப் பின் வருவோரை வேண்டும் கல்வெட்டு ஒன்றும் அங்கே உண்டு. எந்த மாதர்? எந்தச் சிறுவர்? 1864-ல் பக்கத்திலேயே காலிமுக ஹோட்டல் எழுந்தது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1875-ல் அடிக்கல் நாட்டப்பெற்ற அலைதடுப்புச் சுவர் 1885-ல் முற்றுப்பெற, காலித் துறை வகித்த இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டது. கீழ்த்திசை செல்லும் நீராவிக் கப்பல்கள் இங்கே நின்று நிலக்கரி ஏற்றின. மேல்தளத்துப் பிரயாணி கடற்காற்றை நுகர்ந்தபோது, கீழே கரித்தூள் படிந்த முதுகுகள் சுமையின் கீழ் வளைந்தன.

1890-ல் ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகோவ், சகலின் தீவுக் கைதிகளைக் கண்டு திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கினார். நரகத்தைப் பார்த்து வந்தவருக்கு இலங்கை சொர்க்கமாகத் தோன்றியதைத் தம் கடிதத்தில் எழுதினார். அவர்மீது பழி சுமத்த நாம் வரவில்லை. சகலினைப் பற்றி அத்தனை நேர்மையுடன் நூல் எழுதியவருக்கே இவ்வூர் அப்படித் தெரிந்ததென்றால், பிரயாணியின் பார்வைக்கு ஓர் எல்லை உண்டு என்பது விளங்கும். வழிப்போக்கனுக்குக் காட்சி தெரியும், கூலிக்கணக்கு தெரியாது.

பழங்கடற்கரையை எண்ணி ஏங்குவோர் நிலையும் இதுவே. அந்நாளையக் கொழும்பின் அழகுக்குப் பெருமூச்சு விடுவோர், 1956 ஜூன் 5-ல் சிங்களம் மட்டும் மசோதாவை எதிர்த்து அமைதியாக அமர்ந்த தமிழ்ச் சத்தியாக்கிரகிகள் அதே திடலில் அடிபட்டதை நினைப்பதுண்டா? வெள்ளவத்தையின் அந்திவேளைகளைப் பாடுவோர், 1983 ஜூலையில் அங்கே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்ததை மறக்கலாமா? கொச்சிக்கடை ஆலயத்தின் மெழுகுவர்த்திகளை நினைப்பவர் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று அங்கே சிந்திய இரத்தத்தையும் நினைக்கத்தான் வேண்டும். வலித்ததையெல்லாம் கழித்துவிட்டு இனித்ததை மட்டும் சேர்த்துவைக்கும் ஏக்கம், நம்மை நாமே ஏமாற்றும் வித்தையேயன்றி வேறல்ல.

ஆயின் அத்திடல் வேறொன்றையும் கண்டது. 2022 ஏப்ரலில் மக்கள் அங்கே கூடாரமடித்தனர். நூலகம் வைத்தனர், பாடினர், சமைத்துப் பகிர்ந்தனர். மே 18 அன்று முள்ளிவாய்க்காலில் மாண்டோரை அக்கடலோரத்திலேயே நினைவுகூர்ந்தனர். ஒருவர் துயரை மற்றவர் அறிய முயன்ற அந்த நாளைக் கலாசாரம் என்று அழைப்பதற்கு நமக்குத் தயக்கமில்லை.

இன்று அதனருகே 269 ஹெக்டேர் கடலை மணலால் நிரப்பித் துறைமுக நகரம் உருவாகி வருகிறது. 2014-ல் தொடங்கிய அவ்வேலைக்குக் கடலடி மணலைத் தோண்டியபோது நீர்கொழும்பு மீனவர் தம் பிழைப்பு கெடுமென்று எதிர்த்து நின்றனர். அங்கே வாக்களிக்கப்படுவதும் உயர்தர வாழ்வே. ஆகவே பழைய கேள்வியையே நாம் மீண்டும் கேட்கிறோம்: எந்த மாதர்? எந்தச் சிறுவர்?

ஆசிரியர்களே, மாணவர்களே! கடற்கரைக்குப் போங்கள். நல்ல உடை உடுத்துங்கள். ஊர்கள் பல காணுங்கள். திரும்பி வந்து, நீங்கள் கண்ட அழகைச் சுமந்து நிற்கும் தோள்கள் எவை என்பதையும் சொல்லுங்கள். மதிலுக்கு அப்பால் கப்பல் ஊதுவதைக் கொச்சிக்கடைக் குழந்தை தினமும் கேட்கிறது. அந்தக் கடல் தனக்கும் உரியது என்று அக்குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதும் கல்விதான்.