துலாக்கோலும் வாக்குச்சீட்டும்

சட்டம் இயற்றுவோரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். அங்ஙனமாயின், நீதி வழங்குவோரையும் மக்களே தேர்ந்தெடுத்தல் ஆகாதோ? குடியாட்சி பற்றிப் பாடம் கேட்கும் மாணவன் ஒருவன் இவ்வாறு வினவினால், "அது நம் நாட்டு வழக்கமன்று" என்று கூறி அவனை அமரச் செய்தல் முறையாகாது. வினா ஆழமானது, விடையும் ஆராய்ந்து கூறத்தக்கது.

நம் மலேசியாவில் உயர்நீதிமன்ற நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்க வாக்கெடுப்பு இல்லை. பிரதமரின் ஆலோசனைப்படி, ஆட்சியாளர் மன்றத்தைக் கலந்தறிந்தபின், மாமன்னர் அவர்களை நியமிக்கின்றார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலோ நீதிபதிகள் தேர்தலில் நின்றே பதவி பெறுகின்றனர். டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரை உள்ளடக்கிய ஹாரிஸ் மாவட்டம் இதற்குத் தக்க சான்று. சிறு குற்றங்களை விசாரிக்கும் அம்மாவட்டக் குற்றவியல் நீதிமன்றங்களின் நீதிபதிகள் நான்காண்டுக்கு ஒருமுறை, கட்சியின் பெயரால், மக்களிடம் வாக்குக் கேட்கின்றனர்.

அந்நீதிமன்றங்களில் பிணைத்தொகை கட்ட வசதியுள்ளவர் வீடு திரும்பினர். அதே குற்றச்சாட்டுக்கு ஆளான ஏழையோ சிறையில் கிடந்தார். குற்றம் மெய்ப்பிக்கப்படுமுன்னரே வறுமைக்குத் தண்டனை கிடைத்தது. இதனை எதிர்த்து 2016இல் வழக்குத் தொடரப்பட்டது. 2017இல் கூட்டரசு நீதிபதி லீ ரோசென்தால், அம்முறை அரசியல் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்ப்பளித்தார். அவர் வாக்குப் பெற்று வந்தவரல்லர். வாழ்நாள் பதவிக்கு நியமிக்கப்பட்டவர். 2018 நவம்பரில் நடந்த தேர்தலில், பழைய முறையைக் காத்து நின்ற நீதிபதிகளை மக்கள் தோற்கடித்தனர். புதிதாக வந்தோர் 2019இல் பிணை விதிகளை மாற்றியமைத்தனர்.

இது தேர்தலின் வெற்றியன்றோ என்பர் சிலர். பாதி உண்மை. மறுபாதியையும் காண்டல் வேண்டும். சீர்திருத்தத்தை ஆதரித்த நீதிபதி ஒருவரும், தோற்ற கட்சியைச் சார்ந்திருந்தமையால், அதே அலையில் அடித்துச் செல்லப்பட்டார். ஒரே குறியினால் ஒரு கட்சியின் வேட்பாளர் அனைவருக்கும் வாக்களிக்கும் வசதி அப்போது அங்கு இருந்தது. நெல்லையும் பதரையும் பிரிக்கும் முறமாக அத்தேர்தல் அமையவில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. வாக்கு எண்ணிக்கையைச் சார்ந்தது. நீதி எண்ணிக்கையைச் சாராதது. ஊரே வெறுக்கும் ஒருவன் குற்றமற்றவனாக இருத்தல் கூடும். அவனை விடுவிக்க எழுதுகோலை எடுக்கும் வேளையில், அடுத்த தேர்தல் நீதிபதியின் நினைவுக்கு வருமாயின் துலாக்கோல் சாய்ந்துவிடும். கலிபோர்னியா மாநிலத் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட், மரண தண்டனை வழக்குகளில் அளித்த தீர்ப்புகள் காரணமாகக் கடும் எதிர்ப்புக்குள்ளாகி, 1986இல் மக்கள் வாக்கினால் பதவியிழந்தார். அதனைக் கண்ட பிற நீதிபதிகளின் உள்ளத்தில் அச்சம் எழாதிருக்குமோ?

எனினும், நியமனமே போதுமென்று நாம் இறுமாந்திருத்தலும் ஆகாது. 1988இல் நம் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவி நீக்கம் செய்யப்பட்டமையை வரலாறு மறக்கவில்லை. மக்களுக்கு அஞ்சும் நீதிபதியும் மேலிடத்திற்கு அஞ்சும் நீதிபதியும் அச்சத்தால் ஒருவரே. 2009இல் நீதித்துறை நியமன ஆணையச் சட்டம் இயற்றப்பட்டமை, தேர்ந்தெடுக்கும் முறை செப்பம் பெறவேண்டும் என்னும் உணர்வையே காட்டுகின்றது.

ஈண்டு நம் முன்னோர் முறை ஒன்று சிந்திக்கத்தக்கது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த குடவோலை முறையை விளக்குகின்றன. கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும் என்கின்றது. முன்னர்ப் பதவி வகித்துக் கணக்குக் காட்டாதோரும், பிறர் பொருளைக் கவர்ந்தோரும் விலக்கப்பட்டனர். தகுதியுடையோர் பெயர்கள் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே அவ்வாய்ப்பு உரியதாயிருந்தது, அக்குறை மறைக்கத்தக்கதன்று. அவை நீதிமன்றத் தேர்தல்களும் அல்ல. ஆயினும் அம்முறையில் உறையும் அறிவு பெரிது: தகுதியை ஊர் முன்னரே வகுத்தது, கணக்கைப் பின்னர்க் கேட்டது, ஆனால் பதவி பெற்றவன், "இன்னார் வாக்கினால் வந்தேன்" என்று எவருக்கும் கடன்படவில்லை.

நீதிபதித் தெரிவுக்கும் இதுவே உரைகல்லாகும். நீதிபதிக்குரிய தகுதியை வெளிப்படையாக வகுக்குமாறு கோருதல் மக்களின் உரிமை. அவர் கையூட்டுப் பெறின் விசாரிக்கக் கோருதலும் அவர்தம் உரிமை. ஆனால், ஒரு தீர்ப்பு இனித்ததா கசந்ததா என்பதைக் கொண்டு அவரை அமர்த்துதலும் அகற்றுதலும் அவ்வுரிமையுள் அடங்கா.

வகுப்பில் ஒரு பொருள் காணாமற்போனால், குற்றவாளி யாரெனக் கைதூக்கச் சொல்லி எண்ணும் ஆசிரியர் எவருமிலர். முப்பது கைகள் உயர்ந்தாலும், தலைகுனிந்து நிற்கும் சிறுவன் கள்வனாகிவிடான். குறளின் 12ஆம் அதிகாரமாகிய நடுவுநிலைமையைக் கற்பிக்கும் நாம், அவ்வொரு சிறுவனின் பக்கம் நின்று சான்று கேட்கும் துணிவையும் மாணவர்க்குக் கற்பிப்போமாக. அத்துணிவுடையோர் வாழும் நாட்டிலேதான், எம்முறையில் வந்த நீதிபதியும் அஞ்சாது தீர்ப்பெழுத இயலும்.