கறிவேப்பிலைச் செடியும் கேமராவும்

வீட்டு முற்றத்தில் படமெடுக்க என்ன இருக்கிறது என்பவர்கள் தொட்டியிலுள்ள கறிவேப்பிலைச் செடியைக் குனிந்து பார்க்கட்டும். இலைமேல் குருவி எச்சம்போல் ஒட்டியிருப்பது காமன் மார்மன் பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கலாம். நான்காம் முறை தோலுரித்ததும் அது பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். கேமரா வந்தால் கண் வேலை செய்யாது என்று சிலர் சொல்வது சுற்றுலாப் படங்களுக்குப் பொருந்தலாம். இங்கே கதை வேறு: எச்சமாய்த் தெரிந்ததுதான் பச்சையானது என்பதைத் தேதிவாரியாகப் படங்களை அடுக்கிப் பார்த்தால்தான் மனம் ஒப்புகிறது. படத்துக்காகக் கிளையை ஒடிப்பது மட்டும் கூடாது. புழு இலையைத் தின்கிறதே என்றால், செடி மறுபடி துளிர்க்கும். அதுவரை ரசத்துக்கு நாலு இலை குறையட்டும், பூச்சிமருந்தை எடுக்காதீர்கள்.