கடைசி வீட்டின் காது

மைக் வராத காலத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு வாப்பாதான் மோதினார். மினாராவின் குறுகலான படியேறி, இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு பாங்கு சொல்வார். தென்காற்று அடிக்கிற நாளில் அந்தக் குரல் வெள்ளாற்றங்கரை வரை எட்டாது. மேலே போனதும் அவர் தொடங்கிவிட மாட்டார். அடுத்த முஹல்லாவிலிருந்து பாங்கு வருகிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுப்பார். வந்தால் அது முடியும்வரை காத்திருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “அதுவும் இதே அழைப்புதானே வாப்பா. நான் மேல விழுந்து கத்துனா அங்க யாருக்கோ அது கேக்காமப் போயிடும்” என்றார்.

எனக்கு இப்போது 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் பரங்கிப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மூன்று மாதத்துக்கு முன் அன்னங்கோயில் பக்கமிருந்து மீனவப் பிள்ளைகள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கரைக்கென்று ஒரு சமுதாய வானொலி வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். “100 வாட்டு கடலுக்குப் பத்தாது பாய். ஆரம்பத்துலயே 250 கேட்ரலாம்னு இருக்கோம். மனுவ நீங்க எழுதிக் குடுங்க” என்றார்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு பேனாவை எடுத்தபோதுதான் வாப்பாவின் பதில் குறுக்கே வந்து நின்றது.

அரசு விதி எளிமையானது. சமுதாய வானொலியின் வீச்சுத்திறன் 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும், ஆன்டெனா தரையிலிருந்து 30 மீட்டரைத் தாண்டக் கூடாது. தக்க காரணம் காட்டினால் 250 வாட் வரை பரிசீலிப்பார்கள். 2002-ல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் திறந்த இந்தக் கதவு, 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்தது. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004 பிப்ரவரியில் ஒலிக்கத் தொடங்கியது. பாம்பனில் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 2016-ல் வந்தது. இரண்டுக்கும் எண் 90.4 மெகாஹெர்ட்ஸ்தான். சிறிய நிலையங்களுக்கென்று ஒதுக்கியிருக்கும் அலைவரிசைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றையே ஊர் ஊராகத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார்கள். ஒரே கிணற்றில் பல தெருவும் தண்ணீர் எடுக்கிற கதை. ஒருவர் பெரிய மோட்டாரை இறக்கினால் அடுத்தவர் வாளி தரை தட்டும்.

இதைக் கண்ணால் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் கற்பித்த நண்பர் ஒருவர் ஆய்வுக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். மேசையில் இரண்டு சிக்னல் ஜெனரேட்டர், நடுவில் ஒரு எஃப்.எம். ரிசீவர். ஒரு கருவியிலிருந்து கனத்த ரீங்காரம், இன்னொன்றிலிருந்து மெல்லிய கீச்சு. இரண்டுக்கும் அலைவரிசை ஒன்றே. முதலில் கனத்த ரீங்காரம் மட்டும் கேட்டது. நண்பர் இரண்டாவது கருவியின் குமிழை மிக மெதுவாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் மாறவில்லை. பிறகு ஒரு கரகரப்பு. அடுத்த நொடி கனத்த ஒலி அடியோடு காணாமல் போய், கீச்சு மட்டும் சுத்தமாகக் கேட்டது. குமிழைக் கொஞ்சம் பின்னால் கொண்டுவந்தார், மறுபடி ரீங்காரம். இரண்டும் சேர்ந்து கேட்கும் இடம் என்று ஒன்றைப் பிடிக்கவே முடியவில்லை.

பழைய மீடியம் வேவ் பெட்டியில் அப்படி நடக்காது. இராத்திரியில் இலங்கை வானொலியோடு வேறொரு நிலையம் மோதினால் இரண்டு குரலும் கலந்து, நடுவில் விசிலடிக்கும். கேட்பவருக்கு இரண்டு பேர் பேசுகிறார்கள் என்றாவது தெரியும். எஃப்.எம்.மில் தோற்ற குரல் பின்னணியில்கூட நிற்காது. நல்ல ரிசீவராக இருந்தால் அதற்கு மூன்று டெசிபல் வித்தியாசமே போதும், அதாவது வாட் இரண்டு மடங்கு. 100 வாட்டை 250 ஆக்கினால் அது நான்கு டெசிபல். இரு நிலையங்களும் சமமாக எட்டிக்கொண்டிருந்த எல்லையில் இருக்கிற வீட்டில் ஒன்றின் குரலை முழுதாக எடுத்துவிட அது தாராளம்.

இங்கேதான் இது எனக்குத் தீனுடைய, அதாவது மார்க்கத்தின், கேள்வியாகிறது. அல்லாஹ்வுக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்கில், அதாவது உரிமையில், குறை வைத்தால் அவனிடமே மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் ஹக்கைப் பறித்தால் பறிகொடுத்தவர்தான் மன்னிக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்தோம். ஆனால் தனக்கு ஒன்று பறிபோனதே தெரியாதவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

ஒலிபெருக்கி செய்த அநியாயமாவது கடை வாசலுக்கு வந்து நின்றது. ஒரு விழாவுக்கு, பக்கத்துத் தெருவில் கட்டியதைவிடப் பெரிதாக வேண்டும் என்று கேட்டார்கள் என்று நான் ஆம்ப்ளிஃபையரை மாற்றிக் கூடுதலாக நான்கு ஹாரன் கட்டிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். “மாமியாருக்கு நெஞ்சு வலி பாய். மூணு ராத்திரியா கண்ண மூடல” என்றாள். சாமி காரியம், நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதிலுக்காக இன்றும் வருந்துகிறேன். குமிழ் என் கையில்தான் இருந்தது. தொழுகையில் குரலை மிக உயர்த்தவும் வேண்டாம், மிகத் தாழ்த்தவும் வேண்டாம் என்று நடுவழி காட்டுகிற மார்க்கத்தில் பிறந்தவன் நான். சென்னையிலிருந்து போன ஒரு தேவாலய வழக்கில் 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: பிறர் அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியில் பிரார்த்திக்கும்படி எந்த மதமும் விதிக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கேட்டது, வந்தாள். வாட் கூடியதால் தன் ஊர் நிலையத்தை இழந்த வீட்டுக்காரர் யார் கடைக்கு வருவார்? பெட்டி பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். செய்தவருக்கும் தெரியாது, பட்டவருக்கும் தெரியாது. வாட்டுக்கு வரம்பு வைக்கிற விதியை நான் மதிப்பது இதனால்தான். எனக்கு அது வாயைக் கட்டுகிற கயிறாகப் படவில்லை. மன்னிப்புக் கேட்க வழியில்லாத ஒரு குற்றத்தை நடக்குமுன்பே தடுக்கிற ஏற்பாடு அது. வானொலிப் பெட்டி வைத்திருந்ததற்கே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டிய காலத்தைப் பார்த்தவன் நான். எல்லா விதியையும் தலையில் வைத்து ஆடுகிறவன் இல்லை.

சிதம்பரத்திலிருந்து ஒரு தமிழாசிரியர் கடைக்கு வருவார், பழைய மர்பி பெட்டிக்கு வால்வு தேடி. அவர்தான் சொன்னார்: ஐந்து பூதங்களில் ஆகாயத்துக்கு உரிய குணம் ஓசை, தில்லை அந்த ஆகாயத்தின் தலம், அங்கே திரைக்குப் பின்னால் காட்டுவது வெறும் வெளியைத்தான் என்று. என் மார்க்கம் வேறு. ஆனாலும் அந்தப் பேச்சு மனதில் தங்கிவிட்டது. நிலத்துக்கு வேலி போடலாம், ஆற்றுக்கு அணை கட்டலாம். வெளியை யார் பட்டா போட முடியும்? 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தபோது, அவர் சொன்னதைச் சட்டத்தின் மொழியில் கேட்டது போல இருந்தது.

அப்படியானால் இந்தப் பிள்ளைகளுக்கு 250 வாட் வேண்டாம் என்று சொல்வதா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. 2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவில் நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் சாமியார்பேட்டை, புதுக்குப்பம், எம்.ஜி.ஆர். திட்டு எங்கும் எச்சரிக்க ஒரு குரல் இல்லை. கடலூருக்கு வடக்கே புதுச்சேரி நல்லவாட்டில் கதை வேறு. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்ப் பிள்ளை போனில் சொன்ன செய்தியை, கடல் நிலவரம் அறிவிக்க வைத்திருந்த ஊர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் உயிர் தப்பினார்கள். அதற்குப் பெரிய டவர் தேவைப்படவில்லை. தெரிந்த குரல் தெரிந்த காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

கரையில் இருப்பவருக்கு 100 வாட் போதும் என்றே நான் நினைக்கிறேன். போதாதது ஃபைபர் போட்டில் இருப்பவருக்கு. ஆனால் வாட்டை நான்கு மடங்காக்கினால்தான் தூரம் இரண்டு மடங்காகும், அதுவும் தடையில்லாத வெளியில். 100-ஐ 250 ஆக்கினால் ஒன்றரை மடங்கு தூரம் கிடைத்தாலே பெரிது. 30 மீட்டர் கம்பத்தின் பார்வைக்கோடும் கடல்மேல் 20 கிலோமீட்டர் சொச்சத்தில் முடிந்துவிடும். அதற்கு அப்பால் இருப்பவருக்கு இந்தக் கம்பம் உதவாது. ஆகவே வீச்சைக் கிழக்கே கடல் பக்கம் திருப்பி, நிலத்தின் பக்கம் குறைத்துக் கட்டுகிற ஆன்டெனாவோடு 250 வாட் கேட்டால் அது நியாயமான கோரிக்கை. நாலாபக்கமும் விரித்துக்கொண்டு கேட்டால் இல்லை. அரசும் கரையோர நிலையங்களின் மனுவை இந்தக் கண்ணோடு பார்த்துத் தாமதமில்லாமல் முடிவு சொல்ல வேண்டும்.

மனுவை இன்னும் எழுதவில்லை. பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நாம் கேட்கப்போகிற அலைவரிசையிலேயே ஒலிக்கிற பக்கத்து நிலையம் எது என்று முதலில் பாருங்கள். அது தெளிவாகக் கேட்கிற கடைசி ஊருக்குப் போங்கள். அங்கே ஒரு திண்ணையில் ரேடியோவை வைத்து, காலையிலும் மாலையிலும் முழு நிகழ்ச்சியையும் கேளுங்கள். யார் பேசுகிறார்கள், அந்த வீட்டில் யார் கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். மனுவின் முதல் பக்கமாக அதைத்தான் வைக்கப் போகிறேன்.