யாருடைய காலம்?

ஒரு நாட்டின் எதிர்காலத்தைக் கணனியில் வரைந்து பார்க்கும் முயற்சிகளை நான் நீண்டகாலம் சந்தேகத்துடனேயே நோக்கி வந்தேன். நாளை நடப்பதை மனிதன் அறியமாட்டான் என்று கேட்டு வளர்ந்தவன் நான். குறி சொல்வதன் நவீன வடிவமே இது என எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் ஒரு வயல் வரப்பில் மாறியது.

2021 டிசம்பர். பெரும்போகக் காலம். அம்பாறை மாவட்டத்தில் மச்சானின் வயலுக்குப் போயிருந்தேன். அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. நவம்பர் இறுதியில் தடை நீங்கியும் பசளை அவரிடம் வந்து சேரவில்லை. பயிர் மஞ்சளித்து நின்றது.

"மண்ணுக்கு நல்லதுதான் மச்சான். மண் சரியாகிற வரைக்கும் நாங்க என்னத்தத் தின்னுற?" என்றார்.

அவரது கேள்வியில் ஒரு கணக்கு இருந்தது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். கூட்டெருவில் அது பெரும்பாலும் 2 சதவீதத்துக்கும் குறைவு. ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்றின் நைதரசனைப் பெற ஒரு தொன்னுக்கும் மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதையும் மண்ணின் நுண்ணுயிர்கள் மெல்லமெல்லச் சிதைத்த பின்னரே பயிர் உறிஞ்சும். 2019 தேர்தல் விஞ்ஞாபனம் இந்த மாற்றத்துக்குப் பத்து ஆண்டுகள் ஒதுக்கியிருந்தது. நடைமுறையில் ஒரு போகம்கூடக் கிடைக்கவில்லை. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. நாடு அரிசியை இறக்குமதி செய்தது.

இலக்கு தவறென்று நான் சொல்லமாட்டேன். தவறியது காலக் கணக்கு.

இதன் பின்னர்தான் 1972இல் வெளிவந்த 'வளர்ச்சியின் எல்லைகள்' என்ற நூலின் பெறுமதி எனக்குப் புரிந்தது. டொனெல்லா மெடோஸ் முதலானோர் சனத்தொகை, உணவு, கைத்தொழில், இயற்கை வளம், மாசு ஆகிய ஐந்தையும் ஒன்றோடொன்று பிணைத்து உலகுக்கு ஒரு கணனி மாதிரியை அமைத்தனர். அவர்கள் குறி சொல்லவில்லை. 'இவ்வாறு செய்தால் இவ்வாறு ஆகலாம்' என்றே சொன்னார்கள். அதிலுள்ள ஓர் ஒப்பீடு என்னை உலுக்கியது. நிலைபேற்றுக்கான கொள்கைகளை 1975இல் தொடங்கினால் உலகம் சமநிலையை எட்டுகிறது. அதே கொள்கைகளை 2000 வரை ஒத்திப்போட்டால் அந்தச் சமநிலை நிலைப்பதில்லை.

ஆக, அவசரம் மட்டுமல்ல, தாமதமும் குற்றமே. கற்பிட்டியின் மணல் நிலத்தில் அளவுமீறி இட்ட பசளை நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்திருக்கிறது. இட்டவர் விளைச்சலை உடனே கண்டார். கிணற்று நீரைக் குடிப்பது பின்னர் பிறந்த பிள்ளை. அவசரப்பட்டவர் இன்றைய விவசாயியின் போகத்தைச் செலவிட்டார்; ஒத்திப்போடுபவர் நாளைய பிள்ளையின் ஆண்டுகளைச் செலவிடுகிறார். இருவரும் செலவிடுவது பிறருடைய காலத்தை.

நிலைபேறான அபிவிருத்தியின் அறக் கேள்வி இங்கேதான் இருக்கிறது என நினைக்கிறேன். 2015இல் உலக நாடுகள் 17 இலக்குகளையும் 169 குறியிலக்குகளையும் ஏற்று, 2030ஐ எல்லையாக வைத்தன. 2017இல் நாமும் அதற்கென ஒரு சட்டம் இயற்றினோம். இலக்குகளின் பட்டியல் போய்ச்சேர வேண்டிய இடத்தைச் சொல்லும். வழியில் என்ன நடக்கும், ஒன்றைத் தொட்டால் வேறெது அசையும் என்று கேட்பதற்கே மாதிரி தேவைப்படுகிறது. நல்ல நோக்கம் கணக்குப் பார்க்கும் கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

ஆனால் கணக்குக்கும் ஒரு குருட்டுத்தனம் உண்டு. நாட்டின் சராசரி விளைச்சல் வளைகோடு இரண்டு போகம் சரிந்து மீண்டும் எழுந்தால், நிபுணர் அதை நிலைமாறு காலம் என்பார். மச்சானுக்கு அந்தச் சரிவு அடகு போன நகை. தவணை தவறிய கடன். கோடு எழும்போது அவர் நிலத்தில் நிற்பாரா என்பதைச் சராசரி சொல்லாது.

எனவே நாட்டின் நாளையை வரைபவர்களிடம் இரண்டைக் கேட்பேன். உங்கள் எடுகோள்களை ஒளிக்காமல், எங்களுக்குப் புரியும் மொழியில் எழுதுங்கள். இடைக்காலத்தின் இழப்பை யார் சுமப்பார், அவருக்கு யார் ஈடுசெய்வார் என்பதையும் கணக்கினுள் ஒரு வரியாகச் சேருங்கள்.

மச்சான் வரப்பில் நின்று கேட்டது அந்த ஒரு வரியைத்தான். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரிடம் பதில் சொல்லவேண்டியவர்கள் கேள்வியைக் கேட்டிருக்கவே இல்லை.