அண்டை நாட்டு அமைதியும் நமது அறமும்

கொல்லாமை விரதத்தை விளக்க வந்த ஆன்றோர், கொலைப்பாவம் கையால் செய்தவனை மட்டுமே சாரும் என்று கூறினாரல்லர். செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்று வழிகளாலும் வினை வந்து சேரும் என்றனர். தனிமனித ஒழுக்கத்திற்கென வகுக்கப்பெற்ற இந்நெறி நாடுகளின் செயல்களுக்கும் பொருந்துமா? அண்டை நாட்டில் மக்கள் துன்புறும்போது வலிமை மிக்க நாடு யாது செய்தல் வேண்டும்? கடந்த நாற்பது ஆண்டுகளில் இலங்கையில் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்ப்போமாயின் இவ்வினாவிற்கு ஓரளவு விடை கிடைக்கும்.

1983 ஜூலையில் இலங்கைத் தமிழர்மீது கொடிய வன்முறை ஏவப்பட்டது. பல்லாயிரவர் கடல் கடந்து தமிழகக் கரையை அடைந்தனர். வாளாவிருத்தல் இயலாத வேளை அது. அப்பொழுது இந்தியா இரண்டு செயல்களைச் செய்தது. வந்தோர்க்கு அடைக்கலம் தந்தது ஒன்று. போராளிக் குழுக்களுக்கு மறைவாகப் படைக்கலமும் பயிற்சியும் அளித்தது மற்றொன்று. கொழும்பு அரசை உடன்பாட்டிற்கு இணங்கச் செய்யவும், வேற்று வல்லரசுகள் அத்தீவில் காலூன்றாமல் தடுக்கவும் அது பயன்படும் என்று கருதப்பட்டது. இரண்டையுமே இரக்கச் செயல்கள் என்று அன்று பலரும் போற்றினர். அவற்றின் பயன்களோ முற்றிலும் வேறுபட்டன.

1984 ஆகஸ்டு 2 அன்று இரவு, யான் வாழும் பொழிச்சலூரை அடுத்துள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொழும்புக்கு அனுப்பும் எண்ணத்துடன் ஒரு போராளிக் குழுவினர் கொணர்ந்த பெட்டிகளே இங்கு வெடித்தன. 1987 ஜூலை 29-இல் இராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அவ்வாண்டு அக்டோபரிலேயே, முன்பு இந்தியாவில் பயிற்சி பெற்ற விடுதலைப் புலிகளுடன் போரிட நேர்ந்தது. 1990 மார்ச்சில் அப்படை திரும்புவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். ஈழத் தமிழர் பலரும் மடிந்தனர். 1991 மே 21-இல் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பாதுகாப்பை நாடிக் கொடுத்த படைக்கலம் எவர்க்கும் பாதுகாப்பைத் தரவில்லை.

துறவிக்குரிய மகாவிரதத்தை அரசிடம் எதிர்பார்க்கலாமோ எனச் சிலர் வினவுவர். எதிர்பார்த்தல் கூடாதுதான். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்டது அணுவிரதமே. தாக்க வருவோனை எதிர்த்தல் அவர்க்கு விலக்கப்படவில்லை. தாக்குண்ட தமிழர்க்கும் தற்காப்பு உரிமை உண்டு. ஆயினும், தன் குடியைக் காத்தல் வேறு. பிறர் கையில் ஆயுதம் தந்து, அதன் விளைவைத் தான் ஆள நினைத்தல் வேறு. கொடுத்தவன் விருப்பத்தை ஆயுதம் கேட்டு நடப்பதில்லை. இது செய்வித்தல் என்னும் வினையின் இயல்பாகும்.

இனி, 2022-ஆம் ஆண்டைக் காண்போம். அந்நியச் செலாவணி தீர்ந்து, எரிபொருளும் மருந்தும் இன்றி இலங்கை மக்கள் வருந்தினர். ஜூலை 9-இல் அவர்கள் அதிபர் மாளிகையினுள் புகுந்தனர்; ஐந்து நாட்களில் கோத்தபய இராஜபக்ச பதவி விலகினார். இம்முறை இந்தியா படை அனுப்பவில்லை. ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவிற்குக் கடனும் பிற உதவிகளும் அளித்தது. தமிழக அரசு அரிசி, பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் ஆகியவற்றை அனுப்பியது. அவை தமிழர், சிங்களர் என்ற வேறுபாடின்றி வழங்கப்பெற்றன. 2024 செப்டம்பரில் மக்கள் வாக்களித்துப் புதிய அதிபரைத் தேர்ந்தனர். 1971-இலும் 1987-க்குப் பின்னரும் ஆயுதம் ஏந்தித் தோற்ற ஜனதா விமுக்தி பெரமுனக் கட்சியின் தலைவரே, வாக்குச்சீட்டினால் அப்பதவியை அடைந்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

இந்தியாவின் உதவி தன்னலக் கலப்பற்றது என்று கூறுதற்கில்லை. சீனாவின் செல்வாக்கு அத்தீவில் வளர்வதைத் தடுக்கும் நோக்கமும் அதில் உண்டு. ஆயினும் நோக்கம் கலப்புற்றபோதும் அரிசி எவரையும் கொல்வதில்லை. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என நம் முன்னோர் தானத்தை நான்காக வகுத்தனர். 1983-க்குப் பின் வந்த ஏதிலியர்க்கு முகாம்களில் இடமும் உணவும், அவர்தம் பிள்ளைகட்கு நம் பள்ளிகளில் கல்வியும் கிட்டின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் எவரும் வருந்தத் தேவையில்லாத செயல்கள் இவையே. அந்நான்கினுள் படைக்கலம் இடம்பெறவில்லை.

எஞ்சுவது உடன்படுதல் என்னும் மூன்றாவது வழி. அரசின் செயல்களில் நமக்கென்ன பங்கு என்று நாம் ஒதுங்குதல் இயலாது. 2024 ஆகஸ்டில் வங்காளதேசத்திலும், 2025 செப்டம்பரில் நேபாளத்திலும் மக்கள் கிளர்ச்சியால் ஆட்சிகள் வீழ்ந்தன. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம், படை செல்லட்டும், ஒரு சாரார்க்கு ஆயுதம் செல்லட்டும் என்று நம் இல்லங்களிலேயே குரல்கள் எழுகின்றன. அக்குரலோடு நம் குரலைச் சேர்ப்பதற்கு முன்னர், அங்குள்ளோர்க்கு நாம் அனுப்ப நினைப்பது நான்கு தானங்களுள் எது என்று கேட்டுக்கொள்வோமாக. விடை கிடையாதெனில் மௌனம் காத்தலும் ஒரு விரதமேயாம்.