காது சொல்லும் சாட்சி

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம், மின்கம்பி நுழையும் இடத்தை ஒட்டி ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் 20 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழல், உள்ளே மயிரிழை போல ஒரு கம்பி. மின்னோட்டம் அளவு மீறினால் அந்தக் கம்பி உருகி அறுந்து கருவியைக் காக்கும். சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த பியூஸ், தங்க முலாமும் வெள்ளிக் கம்பியுமாக நூற்றுக்கணக்கான டாலருக்கும் விற்கிறது. வாங்கி மாட்டியவர்கள் பாடகரின் மூச்சுகூடக் கேட்கிறது, வயலின் தனியாகத் துலங்குகிறது என்கிறார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. இதை ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மையான கேள்வி எழுகிறது: 'என் காதால் கேட்டேன்' என்பது எதற்குச் சாட்சி?

மின்சாரம் வரும் வழியைப் பார்ப்போம். பியூஸைக் கடந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி, ஒருதிசை மின்சாரமாக மாறி, பெரிய கெபாசிட்டர்களில் தேங்கி, பிறகுதான் இசையைப் பெருக்கும் சுற்றுக்குப் போகிறது. பியூஸின் மின்தடை மில்லி ஓம் கணக்கில் அளக்கும் அளவுதான். சுவருக்குள் பல மீட்டர் ஓடிவரும் செம்புக் கம்பியின் தடை பெரும்பாலும் அதைவிட அதிகம். சில பியூஸ்களில் திசை காட்டும் அம்புக்குறி இருக்கிறது. வீட்டு மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை திசை மாறுகிறது. அம்பு எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சில ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலேயே பியூஸ் இருக்கும். அங்கே தாழ்ந்த சுரங்களின்போது கம்பி சூடாவதும் ஆறுவதுமாக அதன் தடை ஏறி இறங்கும். ஒலியில் சிறு திரிபு உண்டாகும். கருவியால் அளக்கக்கூடிய திரிபு அது. ஆனால் விலையுயர்ந்த பியூஸ்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மின்சாரம் நுழையும் வாசலைப் பற்றியது.

இனி, காது எதற்குச் சாட்சி என்ற கேள்விக்குத் திரும்புவோம். 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாச்சாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், தன் சித்தாந்தத்தை நிறுவப் புகுமுன் அளவையை, அதாவது ஒன்றை அறியும் வழிகளைப் பேசுகிறது. காண்டல் (நேரே அறிதல்), கருதல் (ஊகித்து அறிதல்), உரை (நம்பத்தக்கோர் சொல்) என்ற மூன்றையும் ஏற்கும் அந்த மரபு, காண்டலை அப்படியே நம்பிவிடுவதில்லை. ஐயமும் திரிவும் நீங்கிய காட்சியையே அளவையாகக் கொள்கிறது. காண்டலையும் கருதலையும் பிரிக்கும் இந்தப் பார்வை பியூஸ் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. 'இசை இனிக்கிறது' என்பது காண்டல். 'பியூஸால்தான் இனிக்கிறது' என்பது கருதல். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போது, முன்னதன் உறுதியைப் பின்னது கடன் வாங்கிக்கொள்கிறது.

1994இல் ஒலி ஆய்வாளர்களான ஃபிளாய்டு டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைக் கண்ணால் பார்த்தபடியும் திரைக்குப் பின் மறைத்தும் கேட்கவைத்தார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடிய பெட்டிகள் உயர்ந்து நின்றன. மறைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. 2008இல் வெளியான ஒரு கலிஃபோர்னிய ஆய்வு இன்னும் ஆழமாகப் போகிறது. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். விலை கூடியது என்று நம்பியபோது சுவை அதிகம் பிடித்திருந்தது என்று வாய் சொன்னது. மூளையில் இன்பத்தோடு தொடர்புள்ள பகுதியும் கூடுதலாக இயங்கியது. அந்த இன்பம் நடிப்பல்ல. அது ஒயினிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே பியூஸ் மாற்றியவரின் அனுபவத்தைக் கேலி செய்வதும் தவறு, அதையே சான்றாக ஏற்பதும் தவறு. பியூஸை மாற்றும்போது வேறு பலவும் மாறுகின்றன: துருவேறிய முனைகள் உரசிச் சுத்தமாகின்றன, கேட்பவர் முன்னைவிடக் கவனமாக உட்காருகிறார், தலை சில சென்டிமீட்டர் நகர்ந்தாலே காதுக்கு எட்டும் உயர் சுரங்கள் வேறுபடும்.

சோதித்துப் பார்க்க விரும்புகிறவருக்கு ஒரு நண்பர் போதும். ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டிப் பழையதையோ புதியதையோ அவர் மாட்டட்டும். எது என்று சொல்லாமல் அறையை விட்டுப் போகட்டும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் வெறும் ஊகத்துக்கு அது எளிதல்ல. குருட்டாம்போக்கில் அந்த அளவோ அதற்கு மேலோ அமைய 100க்கு 4க்கும் குறைவான வாய்ப்புதான். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் பிளக்கைக் கழற்ற வேண்டும். எந்த பியூஸானாலும் ஆம்பியர் கருவியில் அச்சிட்ட அளவோடு ஒத்திருக்க வேண்டும். அதைவிடக் கூடியதை மாட்டினால் உருகவேண்டிய நேரத்தில் அது உருகாது.