மொழியுரிமை யாருடைய உரிமை?

மொழிக்காகப் போராடுதல் அறமாகுமா என்று வினவுவோர், அதற்கு முன்னர் வேறொரு வினாவுக்கு விடை காண வேண்டும். மொழியுரிமை என்பது மொழிக்கு உரியதா, அதனைப் பேசும் மனிதனுக்கு உரியதா? இரண்டும் ஒன்றே எனப் பலர் கருதுவர். ஆயின் இலங்கைத் தமிழரின் மொழிப் போராட்ட வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு இவற்றிடையேயுள்ள வேறுபாடு புலனாகும்.

1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக்கியது. 1957 யூலையில் செய்யப்பட்ட பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் மறு ஆண்டிலேயே கைவிடப்பட்டது. 1961 சனவரி முதலாக அச்சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த அரசு முனைந்தபோது, அவ்வாண்டு பெப்ரவரி 20ஆம் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் தொடங்கினர். வடக்கு, கிழக்கின் ஏனைய கச்சேரிகளுக்கும் அது பரவியது. ஏப்ரலில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டுத் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர்.

போராட்டத்துக்குக் கச்சேரி வாயில் தெரியப்பட்டமை சிந்திக்கத்தக்கது. காணி அலுவலுக்கும், ஓய்வூதியத்துக்கும், அனுமதிப் பத்திரத்துக்கும் குடிமகன் அரசை நேரிற் சந்திக்கும் இடம் அது. தனக்கு விளங்காத மொழியில் எழுதப்பட்ட தாளிற் கையொப்பமிடுபவன், எதற்கு உடன்படுகிறான் என்பதை அறியாமலே உடன்படுகிறான். மொழியுரிமை மறுப்பின் அநீதி இங்கேதான் தொடங்குகின்றது. தமிழின் தொன்மையும் இலக்கிய வளமும் அவ்வநீதியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. எழுத்திலக்கியமே இல்லாத ஒரு மொழியைப் பேசுவோனுக்கும் அவ்வுரிமை உண்டு.

கேகாலைக் கச்சேரியிற் கடமையாற்றிய எழுதுவினைஞர் செல்லையா கோடீஸ்வரன் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், அரச ஊழியன் தன் சம்பளத்துக்காக வழக்குத் தொடரலாம் என்று கூறியபோதிலும், மொழிச் சட்டம் செல்லுபடியாகுமா என்ற வினாவுக்கு விடை கூறாது வழக்கைத் திருப்பியனுப்பியது. ஓர் எழுதுவினைஞரின் சம்பளத்திலிருந்து ஒரு நாட்டின் மொழிச் சட்டமே விசாரணைக்குரியதாயிற்று.

இதே காலத்தில் வேல்ஸ் நாட்டிலும் இத்தகைய நிகழ்வொன்றைக் காணலாம். திரெவர், ஐலீன் பீஸ்லி தம்பதியர், உள்ளூராட்சி வரிக்கான அறிவித்தல் வெல்ஷ் மொழியில் தரப்படும்வரை வரி செலுத்த மறுத்தனர். வீட்டுத் தளபாடங்கள் பறிமுதல் செய்யப்பட்டும் 1952 முதல் எட்டாண்டுகள் உறுதியாக நின்று வென்றனர். சோன்டர்ஸ் லூயிஸ் 1962இல் ஆற்றிய வானொலி உரையில் இவர்களையே முன்மாதிரியாகக் காட்டினார். அவ்வாண்டிலேயே வெல்ஷ் மொழிச் சங்கம் தோன்றியது. ஆயினும் லூயிஸ், சுயாட்சியிலும் மொழியே முதன்மையானது என்றார். மொழி அழிந்தபின் அதனைப் பேசும் உரிமையாற் பயன் என்ன என்னும் அவருடைய அச்சம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆனால் அவ்வாதத்தை முழுமையாக ஏற்போர் ஓர் இடர்ப்பாட்டுக்கு உள்ளாவர். சிங்களம் இத்தீவில் மட்டுமே வழங்குவது. ஆதலால் அதற்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்பதே 1956இல் தனிச் சிங்களம் கோரியோரின் வாதமுமாகும். மொழியின் நலனே இறுதி அளவுகோலாயின் அதனை மறுத்தல் அரிது. மனிதனின் உரிமையை அளவுகோலாகக் கொள்ளும்போதே, ஒரு மொழியைக் காப்பதற்காக இன்னொரு மொழியினனை வாயடைத்தல் தவறு என்று துணிந்து கூற முடியும்.

அந்த அளவுகோல் தமிழரையும் அளக்கும். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்களைத் தடுத்து நின்றோரும் தமிழையே பேசினர். தமிழுக்கு உரிமை கேட்ட சமூகம், தமிழ் பேசும் ஒரு பகுதியினருக்கு வழிபாட்டுரிமையை மறுத்தது. மொழியை மட்டும் போற்றி மனிதனை மறந்தோர்க்கு இம்முரண்பாடு தோன்றாதிருத்தல் வியப்பன்று.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எனினும் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட கடிதங்களும் படிவங்களும் தமிழர் கைக்கு இன்றும் வருவதுண்டு. அவற்றைத் திருப்பியனுப்பித் தமிழிற் கேட்பது ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிய கடமையாகும். அவ்வாறே, யாழ்ப்பாணத்து அலுவலகமொன்றுக்கு வரும் சிங்களக் குடிமகனுக்கு அவன் மொழியில் விடையளிக்கத் தமிழ் அலுவலர் தயங்கலாகாது. 1961இல் கச்சேரி வாயிலில் அமர்ந்தோர் கேட்டதும் இவ்வுரிமையையே.